ஹீல் எல்லாம் வேணாம், திரும்பத் தெரிஞ்சா போதும்

யூட்யூப்ல நாய்க்கு வாக்கிங் பழக்குற வீடியோ எது போட்டு பாத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அகலமான ப்ளாட்பாரம், ரெண்டு பக்கமும் வெட்டிவிட்ட புல்லு, ஆள் நடமாட்டமே கிடையாது, ஒரு கோல்டன் ரெட்ரீவர் ஓனரோட இடது முட்டிய ஒட்டிக்கிட்டு மூஞ்சிய மேல தூக்கி அவரையே பாத்துக்கிட்டு நடந்து வரும். இப்படி முட்டிய ஒட்டி நடக்குறதுக்குத்தான் ஹீல்னு பேரு. பாக்க நல்லாத்தான் இருக்கு. அதே நாய மடிப்பாக்கத்துல எங்க தெருவுக்கு கூட்டிட்டு வாங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் முக்கு தாண்டுறதுக்குள்ள தெரிஞ்சிடும். அங்க படுத்திருக்குற கும்பல் எந்திரிச்சு நின்னு குலைக்க ஆரம்பிச்சா அந்த இடது முட்டி ட்ரெய்னிங்க வச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்த வீடியோ எடுத்த ஊர்ல தெருநாய்னு ஒண்ணு கிடையாது, பைக் ப்ளாட்பாரத்துல ஏறாது, காலங்காத்தால வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு யாரும் குனிஞ்சு இருக்க மாட்டாங்க. அவங்க பிரச்சினை வேற, நம்ம பிரச்சினை வேற.

எங்க வீட்ல இருக்கறது சிப்பிப்பாறை. பேரு மின்னல், கூப்பிடுறது மின்னு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலில பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு நம்ம ஊர் நாய்ங்க பேரெல்லாம் சொன்னாரு இல்லையா, அதுக்கப்புறம் அப்பார்ட்மெண்ட்ல இருக்குறவங்க கூட சிப்பிப்பாறை வேணும்னு தேட ஆரம்பிச்சாங்க. வாங்குறதுல தப்பே இல்ல, ஆனா அது என்ன வேலைக்காக வளந்த நாய்னு தெரிஞ்சு வாங்கணும். விருதுநகர் பக்கத்து கரிசல் காட்டுல முயல் விரட்டுறதுக்குன்னே வந்த ஜாதி அது. மோப்பத்த விட கண்ணத்தான் நம்பும், தூரத்துல ஏதாவது அசைஞ்சா போதும், யோசிக்காம கிளம்பிடும். முயலுக்கு பதிலா இங்க பூனை, அணில், காத்துல உருளுற பிளாஸ்டிக் கவர், ஸ்விகி பையன் பைக்.

சாத்தூர் பக்கம் எங்க சித்தப்பா ரெண்டு மூணு வச்சிருந்தாரு. நான் மின்னுவ கயித்துல கட்டி நடக்க பழக்குறேன்னு போன்ல சொன்னதும் ஒரே சிரிப்பு. "ஏப்பா, ஓடுறதுக்குன்னே பொறந்த நாய போய் நடக்கச் சொல்றியே, அது என்னப்பா பாவம் பண்ணுச்சு"ன்னாரு. அவரு சொன்னதுல ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு. கழுத்துல கட்டுறத அகலமா கட்டு, மெல்லிசா கட்டுனா கழுத்து அறுபடும், லூசா கட்டுனா உருவிக்கிட்டு போயிடும்.

நாய் வச்சிருக்குறவங்களுக்கே நிறைய பேருக்கு இது தெரியாது. லேப் மாதிரி நாய்க்கு தலை பெருசு, கழுத்து அத விட சின்னது, அதனால சாதா பெல்ட் நிக்கும். சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் இதுக்கெல்லாம் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பயந்து போய் பின்னாடி ஒரு எட்டு வச்சு தலைய தாழ்த்துச்சுன்னா பெல்ட் காது வழியா கழண்டு உங்க கையில இருக்கும், நாய் மெயின் ரோட்டுல இருக்கும். இதுக்குன்னு மார்ட்டிங்கேல்னு ஒரு பெல்ட் இருக்கு, ரெண்டு வளையம் வச்சது. இழுத்தா கொஞ்சம் இறுகும், ஒரு அளவுக்கு மேல இறுகாது, மூச்சு முட்டாது, தலையும் வெளிய வராது. நம்ம ஊர் பெட் ஷாப்ல கேட்டா பாதி பேரு முழிப்பாங்க, ஆன்லைன்ல கிடைக்கும், அகலம் ரெண்டு இஞ்ச் இருக்கறதா பாத்து வாங்குங்க.

கடையில என்ன குடுப்பாங்கன்னா சோக் செயின் குடுப்பாங்க, இழுக்க இழுக்க கழுத்த இறுக்குற இரும்புச் சங்கிலி. "இழுக்குற நாய்க்கு இதான் சார், ரெண்டு தடவ சுண்டி விடுங்க அடங்கிரும்". வீட்டுக்கு ட்ரெய்னர்னு ஒருத்தர் வந்தாரு, அவரும் பையில இருந்து எடுத்த மொத சாமான் அதுதான். அன்னிக்கே டீ குடுத்து அனுப்பிட்டேன். மூச்சுக்குழாய் இருக்குற இடத்துல இரும்ப போட்டு சுண்டுறதுக்கு பேரு பயிற்சியா? அதுவும் சிப்பிப்பாறைக்கு கழுத்துல கொழுப்பு ரொம்ப கம்மி, தோலும் மெல்லிசு. நாய் இழுத்தா நீளுற, விட்டா தானா சுருங்குற, பட்டன் அமுக்குனா லாக் ஆகுற அந்த டப்பா டைப் லீஷும் வேணாம். அதுல கயிறு எப்பவுமே லேசா இழுபட்டுக்கிட்டேதான் இருக்கும், இழுத்தா இன்னும் தூரம் கிடைக்கும்னு நாய்க்கு நீங்களே பாடம் எடுக்குற மாதிரி ஆயிடும். தெருவுல திடீர்னு ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து திரும்பும்போது அந்த லாக்க தேடி அமுக்குறதுக்கு நேரமும் இருக்காது.

நான் வச்சிருக்கறது ஆறடி காட்டன் கயிறு. நைலான் மலிவுதான், ஆனா நாய் சட்டுனு பாஞ்சா உள்ளங்கை தோல உரிச்சுட்டு போயிடும். கயித்தோட வளையத்துல கட்டை விரல மட்டும் விட்டு அப்படியே உள்ளங்கையில மடக்கி மூடிக்கணும். மணிக்கட்டுல சுத்திக்கிறது, நாலு விரலையும் உள்ள விட்டுக்கறதெல்லாம் கைய முறிச்சுக்கறதுக்கான வழி. கூடவே ஒரு ஹார்னஸ் போடுறேன், அதாவது நெஞ்சையும் முதுகையும் சுத்தி மாட்டுற பட்டை, முதுகுல மட்டும் இல்லாம நெஞ்சுக்கு முன்னாடியும் கொக்கி இருக்குற மாடல். முதுகுல கொக்கி இருந்தா நாய்க்கு உடம்பு பலம் மொத்தத்தையும் போட்டு இழுக்க வசதி. நெஞ்சுல இருந்தா அது முன்னாடி பாஞ்சாலும் உடம்பு நம்ம பக்கமா திரும்பிடும்.

சரி, சாமான் கதை போதும். நாய் ஏன் இழுக்குது? பெரிய காரணம் எல்லாம் இல்ல, அதோட நடை நம்மள விட வேகம், அவ்வளவுதான். அது இழுக்குது, நாமளும் பின்னாடியே போறோம், மரத்தடி வந்துடுது, மோப்பம் புடிச்சிடுது. அப்போ இழுத்தா மரத்தடி வரும்னு அது கணக்கு போடுது, அதுல என்ன தப்பு? நாம திருப்பி இழுத்தாலும் பிரயோஜனம் இல்ல, கழுத்துல அழுத்தம் வந்தா அதுக்கு எதிர் பக்கமா சாயறதுதான் நாயோட இயல்பு, நம்ம இழுக்க அது இன்னும் இழுக்கும். ஆகவே கயிறு டைட் ஆச்சுன்னா நின்னுடணும். கத்தக் கூடாது, சுண்டக் கூடாது, சும்மா நிக்கணும். என்னடா இவன் வரலையேன்னு அது திரும்பிப் பாக்கும், ஒரு எட்டு பின்னாடி வரும், கயிறு தொங்கும், அந்த நொடில "சூப்பர்"னு சொல்லிட்டு நடக்கணும். கேக்க சுலபம். கஷ்டம் எங்கன்னா ஆபீசுக்கு லேட் ஆகுது, மழை தூறுது, சரி இன்னிக்கு மட்டும் போவோம்னு விட்டா போச்சு. எப்பவும் பலிக்காத ஒண்ண நாய் விட்டுடும், எப்பவாவது ஒருதடவ பலிக்கிறத விடவே விடாது, லாட்டரி சீட்டு வாங்குற ஆளு மாதிரி. அதனால வீட்ல அம்மா ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரி, பாப்பா ஒரு மாதிரி கூட்டிட்டு போனா அந்த நாய் ஜென்மத்துக்கும் பழகாது. நேரம் இல்லாத நாள்ல கயித்த ஹார்னஸோட முதுகு கொக்கில மாட்டிடுறேன், அன்னிக்கு அது இழுத்தாலும் கண்டுக்க மாட்டேன். முன் கொக்கின்னா ஸ்கூலு, முதுகு கொக்கின்னா லீவுன்னு அதுக்கே புரிஞ்சு போச்சு.

இந்த ஹீல் சமாச்சாரம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா அது போலீஸ், ராணுவ நாய்ங்களுக்கு சொல்லிக்குடுத்தது. ஜெர்மனில கான்ராட் மோஸ்ட்னு ஒருத்தர் 1910லயே போலீஸ் நாய் பயிற்சிய பத்தி புஸ்தகமே எழுதிட்டாரு, கயித்த சுண்டி திருத்துற முறையெல்லாம் அந்த காலத்து சரக்கு. டூட்டில இருக்குற நாய்க்கு முட்டிய ஒட்டி நடக்க ஒரு காரணம் இருக்கு. என் வீட்டு நாய்க்கு அது வெளிய வர்ற நேரமே காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம், அதுலயும் என் மூஞ்சிய பாத்துக்கிட்டே வரணும்னா அதுக்கு எதுக்கு வெளிய வரணும், ஹால்லயே பாத்துக்கலாமே.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், திரும்புன்னா திரும்பணும். நான் சொல்ற வார்த்தை "வா போலாம்". அது எந்த வேகத்துல எத பாத்துக்கிட்டு போனாலும் இத கேட்டா யு டர்ன் அடிச்சு என் கூட எதிர் திசைல வரணும். இத பழக்குறது தெருவுல இல்ல, மொதல்ல ஹால்ல, அப்புறம் மொட்டை மாடில, அப்புறம் கேட்டுக்குள்ள, கடைசியாத்தான் தெரு, அதுவும் பால் வண்டி கூட வராத நேரத்துல. வேகவச்ச கோழி ஈரல சுண்டு விரல் நகம் அளவுக்கு வெட்டி இடுப்புப் பையில வச்சுக்கணும், உப்பு கிடையாது, மசாலா கிடையாது. வார்த்தைய சொல்லணும், உடனே திரும்பி நடக்கணும், அது கூட வந்து சேந்ததும் நம்ம தொடை பக்கத்துல கை வச்சு குடுக்கணும். எந்த இடத்துல தீனி கிடைக்குதோ அந்த இடத்துலதான் நாய் நடக்கும், முன்னாடி நீட்டி குடுத்தா முன்னாடியேதான் நிக்கும். ஒண்ணுமே எதிர்ல வராத நேரத்துல இத விளையாட்டு மாதிரி திரும்பத் திரும்ப செஞ்சு வச்சாத்தான் ஆபத்துன்னு வரும்போது வேலை செய்யும். நிறைய பேரு இத கண்டுக்காம விட்டுட்டு, எதிர்ல நாய் வந்ததுக்கு அப்புறம் "நோ மின்னு நோ மின்னு"ன்னு கத்துறாங்க, அப்போ அதோட காதுல எதுவுமே ஏறாது.

"வா போலாம்" சொல்ல வேண்டிய சரியான நேரம் எதுன்னு கண்டுபுடிக்கறதுதான் உண்மையான கலை. மின்னு நடந்து வரும்போது வாய் லேசா திறந்திருக்கும், நாக்கு ஒரு ஓரமா தொங்கும், வாலு தளர்வா ஆடும். தூரத்துல பூனை தெரிஞ்சுதுன்னா மொதல்ல வாய் மூடும். அப்புறம் காது ரெண்டும் முன்னாடி வரும். அப்புறம் உடம்பு எடை பின்னங்கால்ல இருந்து முன்னங்காலுக்கு மாறும், நெத்தியில சின்னதா ஒரு சுருக்கம் கூட விழும். வாய் மூடுன உடனே "வா போலாம்" சொன்னா திரும்பும். எடை முன்னாடி போயிடுச்சுன்னா தோள்பட்டைய காப்பாத்திக்கோங்க. மத்த நாயாவது குலைச்சு சிக்னல் குடுக்கும், சிப்பிப்பாறை குலைக்காது, நேரா கிளம்பிடும்.

இப்போ தெருநாய்ங்க கிட்ட வருவோம். 2023 நாய் கருத்தடை விதிப்படி தெருநாய புடிச்சு ஆபரேஷன் பண்ணி ரேபிஸ் ஊசி போட்டு புடிச்ச இடத்துலயே திருப்பி விடணும். காது நுனியில சின்னதா ஒரு வெட்டு இருந்தா அது ஆபரேஷன் ஆன நாய். எங்க ஏரியால பெரும்பாலும் வெட்டு உள்ளதுதான், பொதுவா அதுங்க கொஞ்சம் சாந்தம். ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு எல்லை இருக்கு, அத நீங்க கொஞ்ச நாள் கவனிச்சாலே மனசுக்குள்ள மேப் வரைஞ்சிடலாம். ட்ரான்ஸ்ஃபார்மர் கும்பல் அயர்ன் வண்டி வரைக்கும் துரத்திட்டு வரும், அங்க கோடு போட்ட மாதிரி நின்னு ரெண்டு குலை குலைச்சிட்டு திரும்பிடும், ஏன்னா அதுக்கு அந்தாண்ட டீக்கடை கும்பலோட ராஜ்ஜியம். எல்லைக்கு நடுவுல நேரா நடந்து போனாத்தான் அதுங்களுக்கு கோவம். எதிர் பக்கமா ஒதுங்கி, வளைஞ்சு, அதுங்க கண்ண நேரா பாக்காம போனா முக்கால்வாசி நேரம் எந்திரிக்கவே எந்திரிக்காது. நாய்ங்களே ஒண்ண ஒண்ணு பாக்க போகும்போது நேரா போகாது, வளைஞ்சுதான் போகும், கவனிச்சு பாருங்க.

சில பேரு குனிஞ்சு கல்ல எடுக்குற மாதிரி பாவ்லா காட்டுவாங்க. வேலை செய்யும்தான், ஆனா நம்ம டென்ஷன் கயிறு வழியா நம்ம நாய்க்கு இறங்கிடும், அடுத்த தடவ அந்த முக்கு வந்தாலே அது விறைச்சுக்கும். நான் டீக்கடையில பொறை வாங்கி உடைச்சு பாக்கெட்ல வச்சிருப்பேன். கும்பல் கிட்ட வந்தா அதுங்களுக்கு பின்னாடி விழுற மாதிரி ஒரு கை அள்ளி வீசிட்டு, மின்னுக்கும் அதுங்களுக்கும் நடுவுல நான் நின்னுக்கிட்டு, "வா போலாம்"னு மெதுவா திரும்பி நடப்பேன். ஓடவே கூடாது. நாய தூக்கவும் கூடாது, தூக்குனா எல்லாம் நம்ம மேல பாயும், பெரிய நாய தூக்கவும் முடியாது. ட்ரான்ஸ்ஃபார்மர் முக்குல இருக்குற வயசான பொட்டை இப்போல்லாம் என்ன பாத்ததும் பொறைக்காக வால ஆட்டுது, கூட்டத்துக்கு அதுதான் தலைவி போல, அது படுத்தே இருந்தா மத்ததும் படுத்தே இருக்கு. எங்கயாவது பல்லு பட்டுடுச்சுன்னா அது தெருநாயோ வீட்டு நாயோ, சோப்பு போட்டு ஓடுற தண்ணில முழுசா பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி, மஞ்சள் பொடி வைக்கிற வேலையெல்லாம் வேணாம்.

மோப்பம் புடிக்க விடுங்க. சார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ரெண்டு பேரு 2019ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கொஞ்சம் நாய்ங்கள ரெண்டு வாரம் மோப்பம் புடிச்சு தீனி தேட வச்சாங்க, இன்னும் கொஞ்சம் நாய்ங்களுக்கு அதே ரெண்டு வாரம் ஹீல் பயிற்சி. அப்புறம் உள்ள தீனி இருக்கா இல்லையான்னு சந்தேகமான இடத்துல ஒரு கிண்ணத்த வச்சு பாத்தா, மோப்பம் புடிச்ச நாய்ங்க முன்ன விட வேகமா, இருக்கும்னு நம்பிக்கையோட போச்சு. ஹீல் பண்ண நாய்ங்க கிட்ட மாற்றமே இல்ல. எனக்கு இதுக்கு ஆராய்ச்சியே தேவையில்ல, எங்க வீட்ல பாத்தாலே தெரியுது. வேகமா நாலு தெரு சுத்திட்டு வந்தா மின்னு ஹால்ல குறுக்க மறுக்க அலையும், ஒரே தெருவுல ஒவ்வொரு மின் கம்பத்தையும் படிச்சுட்டு வந்தா ஃபேனுக்கு கீழ விழுந்து தூங்கிடும். சிப்பிப்பாறை கண்ண நம்புற நாய்தான், அதுக்காக மூக்கு சும்மாவா இருக்கு.

மனுஷங்க ஒரு தனி அத்தியாயம். "கடிக்குமா சார்?" இது தினமும் உண்டு. அடுத்தது "ஏன் சார் சோறே போடுறதில்லையா, எலும்பா தெரியுது". சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசா தெரியணும், தெரியலன்னாதான் குண்டு, ஆனா இத எத்தன பேருக்கு நின்னு விளக்குறது, இப்போல்லாம் "டயட்ல இருக்கு"ன்னுட்டு போயிடுறேன். கோலம் போட்ட வாசல் பக்கம் போகும்போது கயித்த குட்டையா புடிச்சுக்கணும், மிதிச்சா அந்த வீட்டம்மா ஒரு வாரம் பேச மாட்டாங்க, கேட்டுல ஒண்ணுக்கு அடிச்சா ஒரு வருஷம். ஆய் போனா அள்ளணும், அதுல பேச்சே கிடையாது.

2024 மே மாசம் ஆயிரம்விளக்கு பூங்கால ரெண்டு ராட்வீலர் சேந்து அஞ்சு வயசு பொண்ண கடிச்சு குதறுன சம்பவத்துக்கு அப்புறம் சென்னையில நாய் வச்சிருக்குறவன பாக்குற பார்வையே மாறிப்போச்சு. மாறுனதுல நியாயம் இருக்கு, அந்த நாய்ங்க கயித்துல இல்ல. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது சார், சும்மா அவுத்து விடுவோம்"னு பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், நம்ம வளர்ப்பு பிராணியால ஆபத்து வராம பாத்துக்கலன்னா பாரதிய நியாய சம்ஹிதா 291ம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அஞ்சாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்து கூட வரலாம். சட்டத்த விடுங்க, நாய்க்கு பயந்த ஒரு குழந்தை எதிர்ல வந்தா நாமதான் ஒதுங்கணும். "ஒண்ணும் பண்ணாது பாப்பா, தொட்டுப் பாரு"ன்னு கிட்ட கூட்டிட்டு போறது எனக்கு புடிக்காத விஷயம், அந்த பாப்பாவுக்கும் கஷ்டம், நாய்க்கும் கஷ்டம்.

குட்டியா வச்சிருந்தா தடுப்பூசி கோர்ஸ் முடியுற வரைக்கும் தெருவுல இறக்கி விடாதீங்க, பார்வோன்னு ஒரு வைரஸ் நோய் வந்தா குட்டி தாங்காது. அதுக்காக வீட்டுக்குள்ளயே பூட்டியும் வைக்காதீங்க, மூணு நாலு மாசம் வரைக்கும் பாத்து பழகுறதுதான் வாழ்நாள் முழுக்க நிக்கும், தூக்கிக்கிட்டு போய் பஸ் சத்தம், மேளம், கறிக்கடை, ஹெல்மெட் போட்ட ஆளு எல்லாம் காட்டுங்க. ஏப்ரல் மே மாசத்துல தார் ரோட்டுல புறங்கைய அஞ்சு செகண்ட் வச்சு பாருங்க, உங்களுக்கு சுட்டா அதோட பாதத்துக்கும் சுடும். மழை காலத்துல தேங்குன தண்ணில கூட்டிட்டு போகாதீங்க, மின்சார பெட்டி பக்கத்துல கசிவு இருந்தா செருப்பு போட்ட நமக்கு முன்னாடி வெறுங்கால்ல நடக்குற அதுக்குத்தான் மொத ஷாக். எலி மூத்திரம் கலந்த தண்ணி வேற. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே ரெட்டை கயிறு, ஒண்ணு பெல்ட்டுல ஒண்ணு ஹார்னஸ்ல, வெடி சத்தம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி விடியக்காலைலயே போயிட்டு வந்துடணும். அந்த வாரம் வாட்ஸப் க்ரூப் பூரா "நாய காணோம்" போஸ்டர்தான்.

பாப்பாவுக்கு தனியா கயித்த புடிக்கணும்னு ரொம்ப ஆசை. இப்போதைக்கு ரெண்டு கயிறு, ஒண்ணு அவ கையில, இன்னொண்ணு என் கையில. "வா போலாம்" அவதான் சொல்லுவா, மின்னு என்ன விட அவளுக்குத்தான் சீக்கிரமா திரும்புது. அத காட்டியே, பன்னெண்டு வயசு ஆகட்டும்னு நான் போட்ட கண்டிஷன உடைக்க பாக்குறா, தினமும் கேட்டு கிட்ட நின்னு பஞ்சாயத்து, அம்மாவும் இப்போ அவ கட்சி.